நாற்காலி ஆசையா? ஆம், ஆசைதான்!



"பெரட்டில் பேர் எழுதும் கிராணிக்கு ஊராட்சி மன்றத்து நாற்காலி மீது ஆசை வந்துவிட்டது" என்று சிலர் நையாண்டி பேசித் திரிகின்றனர். ஆம், ஆசைதான்! தோட்டத்து மக்களில் ஒருவர், அம்மக்களின் ஓட்டைப் பெற்று மன்றத்தில் அமர வேண்டும் என்பதே நமது ஆசை. இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நிற்க நாம் தயார். ஆனால், தேர்தல் எங்கே?

பேராக்கில் நாம் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். பாட்டன்மார் காடழித்துக் கன்று நட்டனர். தாய்தந்தையர் அந்த மரங்களிலேயே பால் வெட்டினர். நாமும் இங்கேயே பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கேயே பேர் எழுதுகிறோம். ஆனால் லயத்துக்குப் பின்னால் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது? மன்ற அலுவலகத்துக்குப் போனோம். "அது தனியார் நிலம், துரையிடம் சொல்லுங்கள்" என்றனர். துரையிடம் போனோம். "கொசுவும் குப்பையும் மன்றத்தின் வேலை" என்றார். இருவருக்கும் நடுவில் சாக்கடை அப்படியே கிடந்தது. இரண்டு பிள்ளைகள் டிங்கிக் காய்ச்சலில் படுத்த பிறகுதான் புகை அடிக்க ஆள் வந்தது!

தோட்டம் துண்டாடப்பட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிபோன நம்மவரின் கதை என்ன? அவர்கள் மதிப்பீட்டு வரி கட்டுகின்றனர். அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யும் மேசையிலோ, அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் இந்நாட்டில் நடந்தன. இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அவற்றை நிறுத்தி வைத்தனர். மோதல் 1966-இல் ஓய்ந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான விசாரணை ஆணையம், தேர்தல் முறையே வேண்டும் என்று 1968-இல் அறிக்கை தந்தது. அறிக்கை ஒதுக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், தன் 15-ஆம் பிரிவினால், ஊராட்சித் தேர்தலுக்கே முடிவு கட்டியது.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் படியுங்கள். மன்றத் தலைவர் நீங்கலாக 8 முதல் 24 பேர் வரை உறுப்பினர், அனைவரும் நியமனம். ஊராட்சி அனுபவம் மிக்கவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறப்புற்றவர், தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர் ஆகியோரை நியமிக்கலாமாம். யார் கருத்துப்படி? மாநில அரசின் கருத்துப்படி! நாற்பது ஆண்டு விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தாய்க்குச் சிறப்பு உண்டா இல்லையா என்பதை அவளுடைய லயத்தார் சொல்லக்கூடாது. வேறு எவரோ கருத வேண்டும்!

"இந்தியருக்கும் நியமனம் தருகிறார்களே" என்பர். நியமனம் பெற்ற நண்பர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களில் ஓடியாடி உழைப்போரும் உண்டு. ஆனால் நியமித்தவரே நீக்கவும் வல்லவர் என்றால், உறுப்பினர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்?

"தேர்தல் வைத்தால் இனப்பூசல் மூளும், சிதறிக் கிடக்கும் நீங்கள் ஓர் இடமும் பெறமாட்டீர்கள்" என்பர். ஈப்போவைப் பாருங்கள்! 1959 பொதுத் தேர்தலில், சீன வாக்காளர் மிகுந்த ஈப்போவும் மெங்லெம்புவும் சீனிவாசகம் சகோதரர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. அவர்களுடைய மக்கள் முற்போக்குக் கட்சி, ஈப்போ நகராண்மைக் கழகத்தையும் தேர்தலில் வென்று நடத்தியது. மக்கள் பார்த்தது இனத்தையா, வேலையையா? நாம் தோற்கலாம். தோற்றாலும், வென்றவர் அடுத்த முறை ஓட்டுக் கேட்க லயத்து வாசலுக்கு வந்தே தீர வேண்டும். இன்று யார் வருகிறார்?

இலங்கை மலையகத்திலும் தோட்டத்துக்குச் சபைப் பணம் செலவிடச் சட்டம் தடையாய் நின்றது. மலையகப் பிரதிநிதிகள் விடாது கேட்டனர். 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. கேட்க ஆள் இருந்ததால் நடந்தது.

தேர்தல் வரும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலொழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததே. ஒவ்வொரு கிளையும் மாதம் இருவரை அங்கே அனுப்பட்டும். சாக்கடை, விளக்கு, குப்பை, சாலை என்று தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவோம். எழுதத்தான் கிராணிமார் இருக்கிறோமே! 15-ஆம் பிரிவை நீக்கக் கோரிக் கிளைதோறும் தீர்மானம் நிறைவேற்றுவோம்.

நாற்காலியை எவரும் நமக்குத் தானமாகத் தர வேண்டாம். ஓட்டுப் பெட்டியைத் திருப்பித் தரட்டும். அதுவே நமது கோரிக்கை!