வேப்பிலையைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்

தட்டம்மையைப் பற்றி நம் ஆட்கள் எழுதும் கட்டுரை எதுவானாலும் மூன்றாவது வரியில் வேப்பிலை வந்துவிடும். வாசலில் வேப்பிலை செருகும் பாட்டி, மஞ்சள் தண்ணீர், மாரியம்மனுக்குக் கூழ். அப்புறம் 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதினாலும் இதே கதைதான்: அம்மாவுக்கு அறிவில்லை, அதனால் பிள்ளை செத்தது. இந்தத் தீர்ப்பை எழுத எந்த உழைப்பும் தேவையில்லை. அதனால்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் கிழக்கே இறங்கும் சாலை குவா மூசாங்குக்குப் போகிறது. அந்த மாவட்டத்தில் கோலா கோ என்றொரு பூர்வகுடிக் கிராமம். 2019 மே, ஜூன் மாதங்களில் அங்கே பத்தேக் மக்களில் பத்துப் பேருக்கு மேல் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் 'மர்ம நோய்' என்றார்கள். பக்கத்துச் சுரங்கம் தண்ணீரைக் கெடுத்துவிட்டது என்று சந்தேகம் எழுந்தது. ஜூன் 17ஆம் தேதி அன்றைய சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அமாட் நோயின் பெயரைச் சொன்னார்: தட்டம்மை. மலாயில் சம்பாக். அங்கே முதல் தடுப்பூசி போட்டிருந்தவர்கள் 61.5 விழுக்காடு, இரண்டாவதும் போட்டிருந்தவர்கள் 30. இந்த நோயைத் தடுத்து நிறுத்த 95 வேண்டும்.

அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள், அதனால்தான் குறைவு என்பது அரசாங்கத்தின் விளக்கம். சுற்றியிருந்த காட்டைச் செம்பனையாக்க புல்டோசரும் லாரியும் அவ்வளவு தூரம் போக முடிந்தது. ஐஸ் பெட்டியோடு ஒரு தாதி இரண்டாவது முறை போக முடியவில்லையாம். நான் படித்தது பொறியியல். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பாதை வேண்டும், வண்டி வேண்டும், திரும்பிப் போவதற்கு ஒரு தேதி வேண்டும். இதில் எந்த இடத்தில் பத்தேக் மக்களின் நம்பிக்கை குறுக்கே வந்தது?

அதே 2019இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தட்டம்மையால் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். பக்கத்திலேயே எபோலா அதைவிடக் குறைவான பேரைக் கொன்றது. உலகத்துக் கேமராக்கள் அங்கேதான் நின்றன. உலகச் சுகாதார நிறுவனம் தட்டம்மைக்குச் சொன்ன காரணங்கள்: தடுப்பூசிக் குறைவு, சத்துக்குறைவு, நோஞ்சான் சுகாதாரத் துறை, சண்டை, எட்ட முடியாத ஊர்கள். அந்தப் பட்டியலில் சாமி இல்லை.

சாமி இல்லாமலும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களுக்கு அம்மைத் தெய்வம் சோப்போனா. பேரைச் சொல்லிக் கூப்பிடப் பயப்படுவார்கள். நாமும் நோய்ப் பெயரைச் சொல்லாமல் 'ஆத்தா வந்திருக்கா' என்றுதானே சொல்கிறோம். அந்த வீட்டுக்கு வெளியாள் வரக்கூடாது, பிள்ளை தனியாகப் படுக்க வேண்டும், இளநீர், கூழ். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

கோளாறு வேறு இடத்தில். நம் வீடுகளில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாமே 'அம்மை'தான். கொப்புளம் காய்ந்து உதிர்ந்ததும் தலைக்குத் தண்ணி ஊத்தினால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்ற கணக்கு கொப்புளம் போடும் அம்மைக்கானது. தட்டம்மை அப்படி இறங்காது. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பித்துவிடும். வேப்பிலை கட்டும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போயிருக்கலாம். தடிப்பு மங்கின பிறகுதான் பல நேரம் நுரையீரலில் சளி கட்டுகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, கண் கெடுகிறது. மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு நினைவையும் அது அழித்துவிடுகிறது என்று 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின. 'ஆத்தா போறவரைக்கும் மருந்து கூடாது' என்ற விதி இங்கே ஆளைக் கொல்லும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விதியை மாற்ற, பாட்டி நம்புகிற ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து 'இது வேற அம்மை பாட்டி, ரெண்டு நாளைக்கு வைட்டமின் ஏ குடுக்கணும், மூச்சு வாங்குனா உடனே தூக்கிட்டு ஓடணும்' என்று சொல்ல வேண்டும். மீம் போட்டால் நடக்காது.

நான் பார்த்த தோட்டத்துப் பாட்டிகள் காலையில் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டுவிட்டு, சாயந்திரம் கோயிலில் திருநீறு வாங்குகிறவர்கள். ஊசியே வேண்டாம் என்று வாதாடுபவர்கள் வேறு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்தவர்கள் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள். இயக்கத்தின் நாளை நீட்டிக்க வேண்டி வந்தது. இங்கேயும் 'இயற்கை', 'உடம்புக்கே தெரியும்' என்று எனக்கு ஃபார்வர்ட் பண்ணுபவர்கள் பட்டதாரிகள்தான். அவர்களைப் பற்றி யாரும் மூடநம்பிக்கைக் கட்டுரை எழுதுவதில்லை. அவர்கள் நம் நண்பர்கள், நம் வாசகர்கள்.

கம்போங் ராஜாவைச் சுற்றிக் காய்கறித் தோட்டக் கொங்சிகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. மண் பாதையின் முடிவில் செமாய் கிராமங்கள் இருக்கின்றன. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கிளினிக்கில் கட்டணம் வேறு. கையில் பத்திரம் இல்லையென்றால் வாசல் ஏறவே பயம். பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் ஜாமில் மாட்டினால் தானா ராத்தா ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரமென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று. அடுத்த கட்டுரை எழுதுகிறவர் ஒரு கொங்சிக்குப் போய், அங்கே பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டும் போட்டிருக்கிறது, போடாததற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டு எழுதட்டும்.