காப்பென எண்ணிய கல்லூரி

சென்ற ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஓரிரவு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். எமக்கு மூன்று வகுப்பு இளையவர். விடுதியில் எம்முடன் ஒரே மண்டபத்தில் உறங்கியவர். நெடுநேரம் ஊர்ப் புதினம் பேசிய பின்னரே அழைத்த காரணத்தைச் சொன்னார். அவருடைய மகள் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். மிக உயர்ந்தவையெனப்பட்ட நான்கும் மறுத்துவிட்டன, அஃது எதிர்பார்த்ததே. இடைத்தரமான நான்கில் மூன்று அவளை ஏற்றுக்கொண்டன. ஆனால், "இஃது எப்படியுங் கிடைக்கும்" என்று கடைசியாக எழுதிவைத்த ஒன்று, அனுமதியுந் தராமல் மறுப்புஞ் சொல்லாமல், காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரை இட்டிருப்பதாக அறிவித்துவிட்டது. "அண்ணை, பிள்ளை எங்கை பிழை விட்டவள்?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் எம் செவியை விட்டு நீங்கவில்லை. மூன்று அனுமதிக் கடிதங்கள் கையிலிருக்க, வீடு இழவு வீடு போலக் கிடந்ததாம்.

ஒரு குடும்பத்தின் மனக்குறையை விழா மலரில் எழுதுவது தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். எம் பழைய மாணவர் பலருடைய பிள்ளைகள் இன்று அந்நாட்டிலே வளர்கின்றனர். இங்கு பயில்வோரிலும் சிலர் அங்கு விண்ணப்பிக்கின்றனர். ஆகலின், பெயர் கூறாது எழுத நண்பரின் இசைவைப் பெற்றே இதனை எழுதத் துணிந்தோம்.

அந்நாட்டு மாணவர் தாம் விண்ணப்பிக்குங் கல்லூரிகளை மூவகையாகப் பிரிப்பர். எட்டாக் கனி போன்றவை ஒரு வகை. தம் தகுதிக்கு ஒத்தவை மற்றொரு வகை. தம் புள்ளிகளுக்குக் கட்டாயங் கிடைக்குமெனக் கருதுபவை மூன்றாம் வகை. இம் மூன்றாம் வகையைச் 'சேப்டி' என்பர். நாம் காப்புக் கல்லூரி என்று சொல்லிக்கொள்வோம்.

காப்பே கைவிட்டதென்ற செய்தி இலங்கையிற் படித்த தந்தைக்கு விளங்காமற் போனதில் வியப்பில்லை. இங்கே உயர்தரப் பரீட்சை எழுதியவன் தான் விரும்புந் துறைகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறான். 2001ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அவன் செல்லுமிடத்தைத் தீர்மானிக்கின்றன. எண்களும் அநீதி செய்யவல்லன என்பதை எமக்கு எவருங் கற்பிக்க வேண்டியதில்லை. 1970களிலே தரப்படுத்தலின் பெயரால் எம்மவர் பட்ட காயம் எளிதில் ஆறுவதன்று. எனினும், ஒரே மாவட்டத்தில் ஒரே துறைக்குக் கூடிய புள்ளி பெற்றவனை, "நீ எம்மிடம் வரமாட்டாய்" என்று கூறிப் பின்னே நிறுத்தும் வழக்கம் இங்கில்லை. அமெரிக்காவில் அஃதுண்டு.

அதற்குக் காரணம் கணக்கே. 1975ஆம் ஆண்டிலே 15 கல்லூரிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தை ஏற்கத் தொடங்கின. 'கொமன் அப்ளிகேஷன்' எனப்படும் அப்படிவத்தை இன்று 1000க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. ஒரு மாணவன் ஒரே இருப்பில் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனாற் சேர்வதோ ஒன்றில் மட்டுமே. 1000 இடங்களுள்ள கல்லூரியொன்று, நால்வரில் ஒருவர் வருவாரென மதிப்பிட்டு 4000 பேருக்கு அனுமதி கொடுக்கிறதென வைத்துக்கொள்வோம். ஐவரில் ஒருவரே வந்தால் 200 இடங்கள் வெறுமையாகி, கட்டணப் பணமும் போய்விடும். மூவரில் ஒருவர் வந்தாலோ விடுதியிற் படுக்கை போதாது. மாணவர் தம் முடிவைச் சொல்லும் வழமையான இறுதி நாள் மே முதலாந் திகதி. அந்நாள் கழிந்த பின்னர் எஞ்சிய இடங்களை நிரப்பவே காத்திருப்போர் பட்டியல் பிறந்தது.

ஆதலால் அப்பட்டியல் மாணவனுக்கு இடும் மதிப்பெண்ணன்று. கல்லூரி தன் அச்சத்துக்கு வைத்திருக்கும் மருந்து. தன் வழமையான மாணவரிலும் மிக உயர்ந்த புள்ளியுடன் ஒருத்தி விண்ணப்பித்து, ஒருமுறையேனும் வந்து பார்க்காமலும் ஒரு கேள்வியேனும் கேட்டெழுதாமலும் இருந்தால், இவள் வேறிடம் போகப்போகிறவள் எனச் சில கல்லூரிகள் ஊகித்துக்கொள்கின்றன. நண்பரின் மகள் அக்கல்லூரிக்கு எழுதிய கட்டுரை, வேறொன்றுக்கு எழுதியதிற் பெயரை மாத்திரம் மாற்றியது என்பதும் பின்னர் வெளிவந்தது. வாசித்தவர் கண்டுபிடித்திருப்பர் என்றே எண்ணுகிறோம்.

இதற்காக அவ்வழக்கத்தை நாம் நியாயப்படுத்துவதாக எவரும் எண்ணற்க. 1983ஆம் ஆண்டு முதல் 'யூ. எஸ். நியூஸ்' ஏடு கல்லூரிகளுக்குத் தரவரிசை இட்டு வருகிறது. அழைக்கப்பட்டவருள் எத்தனை பேர் வந்தனர் என்பதும் அக்கணக்கிற் சேர்ந்திருந்தது. 2003இலே அதனை நீக்கினர். விண்ணப்பித்தவருள் எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது என்பதை 2018இலே கைவிட்டனர். கணக்கு மாறியும் பழக்கம் மாறவில்லை. எத்தனை பேரைத் திருப்பியனுப்பினோம் என்பதிற் பெருமை காணும் கல்விக்கூடம் எந்நாட்டிலிருந்தாலும் அது வெட்கப்படத்தக்கதே.

கையில் வேறு மூன்று அனுமதிகள் உள்ள பிள்ளைக்கு இதனால் மனவருத்தம் மட்டுமே. அண்டையிலுள்ள அந்த ஒரு கல்லூரியையே பணத்தால் எட்டக்கூடிய ஏழை மாணவனை நினைத்துப் பாருங்கள். அவனும் உயர்ந்த புள்ளி பெற்றவன். அவனும் வந்து பார்க்கவில்லை, வேலைக்குப் போகவேண்டியிருந்ததால். அவனைத் தன்னை அலட்சியஞ் செய்தவனெனக் கல்லூரி ஊகித்துவிட்டால் அவன் எங்கே செல்வான்? பட்டியலில் நிற்போருக்கு இடங் கிடைப்பதும் அரிது. கல்லூரி அனுமதி ஆலோசகரின் தேசியச் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிற்கச் சம்மதித்தவருள் 100க்கு 20 பேரே சராசரியாக இடம் பெற்றனர். கடுந்தெரிவு செய்யுங் கல்லூரிகளில் 7 பேர். கிடைக்கும் வேளையில் உதவிப்பணம் தீர்ந்திருப்பதும் உண்டு.

எனினும் எம் பக்கத்துப் பிழையையும் சொல்லாதிருத்தல் முறையன்று. போக விருப்பமேயில்லாத ஓரிடத்தைப் பட்டியலின் அடியில் எழுதி, அதற்குக் காப்பென்று பெயருமிட்டு, அது எம்மை வரவேற்கக் காத்திருக்கவேண்டுமென எதிர்பார்க்கிறோம். அங்கும் ஆசிரியர் உளர். அதனையே முதலாவதாக எழுதிய பிள்ளைகளும் உளர். இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்: எம்முள் எத்தனை பேர் இக்கல்லூரிக்கு முதல் தெரிவாக வந்தோம்? இவ்வரிகளை எழுதும் நாமே, வேறொரு கல்லூரியின் வாயிலில் இரண்டு நாள் தந்தையாருடன் நின்று, இடமில்லையென்ற பின்னர் இங்கு கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அன்று அதிபர் எம்மை ஏன் பிந்தி வந்தாயென்று கேட்கவில்லை. பெயரைப் பதிந்து, வகுப்புக்குப் போ என்றார்.

இதனை நண்பருக்குச் சொன்னோம். அவருக்கு அது பெரிய ஆறுதலாகத் தோன்றவில்லை. பட்டியலிலே நிற்கட்டும், கடிதமொன்று எழுதட்டும், ஆசிரியரொருவரைக் கொண்டு பேசுவிக்கலாம் என்று ஏப்ரல் மாதம் முழுவதும் மகளை வற்புறுத்தினார். அவளோ ஏற்றுக்கொண்ட மூன்றில் ஒன்றைத் தாயுடன் சென்று பார்த்து வந்து, மே முதலாந் திகதிக்கு நான்கு நாள் முன்னதாகவே முற்பணங் கட்டிவிட்டாள். அன்றே மற்றக் கல்லூரிக்கும், தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி இரண்டு வரியில் எழுதினாள். தகப்பனுக்குச் சொன்னது மறுநாள் காலையிலே.