அறிவை ஆள்தான் சுமந்து செல்ல வேண்டும்

வட்டப் பாதை ரயிலில் கெண்ட் ரிட்ஜ் நிலையத்தை அடுத்து வருவது ஒன்-நார்த். முதல் நிலையத்தின் அருகே சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டாவது நிலையத்தைச் சுற்றி பயோபொலிஸ், ஃபியூஷனொபொலிஸ் ஆய்வு வளாகங்கள். சற்றுத் தள்ளி டோவரில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி. எல்லாமே குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள் அடங்கியவை. ஆராய்ச்சி செய்வோரும் பொருள் தயாரிப்போரும் இவ்வளவு அருகருகே இருப்பது உலகில் பல ஊர்களுக்கு வாய்க்காத ஒன்று.

இது தற்செயலாக அமையவில்லை. ஏறக்குறைய 200 ஹெக்டர் பரப்பில் ஒன்-நார்த் திட்டம் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பயோபொலிஸ் 2003ல் திறக்கப்பட்டது. 2011ல், இடிக்கப்படவிருந்த ஆயர் ராஜா கிரசெண்ட் புளோக் 71 என்ற பழைய அடுக்குமாடித் தொழிற்சாலை, புதிய தொழில்முனைவர்களுக்கான இடமாக மாறியது. 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சி, புத்தாக்கத் திட்டத்துக்கு அரசாங்கம் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது.

இடமும் பணமும் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு தானாகத் தொழிற்சாலைக்குப் போய்விடுமா? போகாது என்பதே என் கருத்து. ஆய்வுக் கட்டுரையைப் பதிவிறக்கம் செய்துவிடலாம். ஆனால், அதில் எழுதப்படாத நுணுக்கங்களும், தோற்றுப்போன முயற்சிகளும், எது ஏன் வேலை செய்யவில்லை என்ற அனுபவமும் மனிதர்களின் தலைக்குள் இருக்கின்றன. அந்த மனிதர் இடம் மாறினால்தான் அறிவும் இடம் மாறும்.

இதற்கு இங்கேயே ஒரு சான்று இருக்கிறது. 1993ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் இருவரும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை ஆராய்ந்து, மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற மிகச்சிறிய மூலக்கூற்றைப் பற்றி எழுதினார்கள். அது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று அப்போது பலர் நினைத்தார்கள். பிறகு மனித உடலிலும் அத்தகைய மூலக்கூறுகள் பல இருப்பது தெரியவந்தது. 2024ல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த அடிப்படை அறிவிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்க முனைந்தவர்கள் நம் பேராசிரியர் டூ ஹெங் ஃபோனும், அவருடன் பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள் சோ லிஹான், சோ ருயாங் ஆகியோரும். அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பான ஏஸ்டாரிலிருந்து பிரிந்து, 2014ல் மிர்க்ஸஸ் நிறுவனம் உருவானது. தேசிய பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்களும் கைகோத்தார்கள். 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுக்குப் பின், ரத்தத்தில் உள்ள 12 மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்து இரைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் பரிசோதனை தயாரானது. சுகாதார அறிவியல் ஆணையம் 2019ல் அதற்கு அனுமதி அளித்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஆய்வாளர்கள் தங்கள் கண்டுபிடிப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டுரையை எழுதப் போய்விடவில்லை. தாங்களே நிறுவனத்துக்குள் போனார்கள். அதனால் வேறொரு பயனும் கிடைத்தது. 2020ல் கொவிட்-19 பரவியபோது, ஏஸ்டாரும் டான் டோக் செங் மருத்துவமனையும் உருவாக்கிய பரிசோதனைக் கருவித் தொகுப்பைப் பெருமளவில் தயாரித்துத் தந்தது இதே மிர்க்ஸஸ்தான். தயாரிக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள்.

பல்கலைக்கழகம் தொழில்துறையின் பின்னால் ஓடக்கூடாது, அறிவுத் தேடல் விலைக்கு உரியதல்ல என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. 1993ல் எந்த நிறுவனமும் புழு ஆராய்ச்சிக்குப் பணம் கட்ட முன்வந்திருக்காது. உடனடிப் பயன் இல்லாத ஆராய்ச்சிக்கு இடம் தராவிட்டால், 20 ஆண்டுகள் கழித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக எதுவும் இருக்காது. ஆனால், கொண்டுபோக ஆள் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சி நூலகத்திலேயே தங்கிவிடும். இரண்டும் வேண்டும்.

அறிவு ஒரு திசையில் மட்டும் பயணம் செய்வதும் இல்லை. பொறியியல் மாணவனான நான் ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சியில் இருந்தபோது, முதல் சில வாரங்கள் அட்டவணைகளில் எண்களைப் பதிவு செய்வதிலேயே கழிந்தன. அங்கு எல்லாரும் ‘அங்கிள்’ என்று அழைக்கும் மூத்த தொழில்நுட்பர் ஒருவர், “மழை பெய்தால் இந்த உணர்கருவி தப்பாகக் காட்டும் தம்பி, எழுதி வச்சுக்கோ,” என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எப்போதும் குளிரூட்டி ஓடும். அங்கே மழையும் கிடையாது, ஈரப்பதமும் மாறாது. அதை நான் விரிவுரையாளரிடம் சொன்னபோது, அடுத்த பருவத்தின் திட்டப்பணிக்கு அதுவே தலைப்பானது. பாடநூலில் இல்லாத கேள்வி ஒன்று தொழிற்சாலையிலிருந்து வகுப்பறைக்கு வந்தது.

ஆனால், இப்படி நடப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருக்கிறது. என் நண்பர்கள் சிலர், பயிற்சிக் காலம் முழுவதும் எண்களைப் பதிவு செய்துவிட்டே திரும்பினார்கள். அவர்கள் எதையும் கொண்டுபோகவில்லை, எதையும் கொண்டுவரவும் இல்லை.

சென்னைத் தரமணியில் 2010ல் திறக்கப்பட்ட ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே இடம் பிடிக்கும் நிறுவனங்கள் ஐஐடியின் பேராசிரியர்களுடனும் மாணவர்களுடனும் இணைந்து பணியாற்றி அதற்கான புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். வாடகை கட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் இருந்தால் பழகிவிடுவார்கள் என்று விட்டுவிடாமல், பழகுவதையே நிபந்தனை ஆக்கிவிட்டார்கள். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் நிறுவனத்தை 2013ல் தொடங்கிய தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் ஐஐடி மெட்ராஸின் முன்னாள் மாணவர்கள்தான்.

குவீன்ஸ்டவுனிலும் இப்படிச் செய்யலாம். ஆய்வு வளாகங்களில் சலுகை பெறும் நிறுவனங்கள், அருகிலுள்ள பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களுக்கு உண்மையான ஒரு சிக்கலைக் கொடுத்து, அதற்கு ஒரு வழிகாட்டியையும் நியமிக்க வேண்டும். கல்வி நிலையங்களும் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டும். பத்து வாரங்களில் நிறுவனத்தின் கழிவறை எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். அதன் சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது. சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரித் திட்டத்தில் மாணவர்கள் ஓராண்டு வரைகூட வெளிநாட்டுப் புதிய நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். 2012ல் கேரோசல் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரும் அப்படிச் சிலிக்கன் வேலிக்குச் சென்று வந்தவர்கள். அந்த வாய்ப்பு உள்ளூர் நிறுவனங்களிலும், எல்லா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

மாணவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனத்தின் பெயரையும் உதவித்தொகையையும் பார்க்கிறோம். அடுத்த முறை நேர்முகத் தேர்வில், “உங்களால் இன்னும் தீர்க்க முடியாத சிக்கல் எது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆர்வம் காட்டும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சிக்கலோடு வகுப்புக்குத் திரும்பி வந்து விரிவுரையாளரிடம் கேளுங்கள். அவருக்கும் விடை தெரியாவிட்டால், உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.