தண்ணீருக்கு அடியில் ஒரு சாட்சி

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த கேடுகளில் நாடறிந்தவை பெரும்பாலும் மேலே மிதந்தவையே. 2017 ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயை ஜனங்கள் வாளி வாளியாக அள்ளிய காட்சியைத் தேசமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகுகளையும் வலைகளையும் கரியாக்கியது. அதுவும் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. எண்ணெய் மிதக்கிறது, ஆகவே கண்ணில் படுகிறது. அடியிலே தங்கிவிட்ட கேட்டுக்கு யார் சாட்சி?

காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அந்நியச் சிப்பியினம் அப்படிப்பட்ட கேடு. மத்திய அமெரிக்க, தென் அமெரிக்கக் கரைகளே அதன் சொந்த ஊர். கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்து இறக்கிவிடும் நீரோடோ, கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டோ அது வந்திருக்கக்கூடும் என்பது நிபுணர்களின் கருத்து. கேரளத்து உப்பங்கழிகளில் முன்பே பரவிவிட்ட அது, இன்று கொசஸ்தலையாற்றின் அடியிலும் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. இறால் மண்ணில் புதைந்து வாழும் ஜீவன். அந்த மண்ணே மூடிப்போனால் அது எங்கே போகும்? பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள்தாம் எங்கே போகும்?

விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. ஆனால், படகிலிருந்து எட்டிப்பார்க்கும் அதிகாரிக்குக் கலங்கல் நீர்தான் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் அடியில் படிந்த கதையும் இதுவே. தினமும் தடவிப் பார்ப்பவர் சொல்லும் வார்த்தை காகிதத்தில் ஏறும்போது வெறும் புகாராக நின்றுவிடுகிறது.

உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் காமிராவுக்கு இங்கே வேலை இருக்கிறது என்பது நம் கட்சி. அலைச்சறுக்கு வீரர்களுக்கும் உல்லாசப் பயணிகளுக்குமென்று விற்பனைக்கு வந்த இந்தக் கருவி, எண்ணூர் மீனவர் கையில் இருந்தால் இன்னும் மேலான காரியம் செய்யும்.

போகிப் புகையும் லாரி விளக்கும்

நீருக்கடியில் படம் எடுப்பது ஒரு காலத்தில் லேசான காரியம் அல்ல. 1893-ல் பிரான்ஸ் தேசத்து உயிரியல் அறிஞர் லூயி பூட்டான் அதைச் செய்தபோது, காமிராவை நீர் புகாத கனத்த பெட்டியில் அடைத்துக் கடலில் இறக்கவேண்டியிருந்தது. இன்றோ சில ஆயிரம் ரூபாயிலிருந்து காமிரா கிடைக்கிறது. நனைந்தால் கெடாத வகையும் உண்டு. நீர் புகாத உறை போட்டுக்கொள்ளும் வகையும் உண்டு.

"எண்ணூர்த் தண்ணீரில் என்ன தெரியப்போகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிட்டே போனால் தெரியும் என்பதே பதில். பொருளுக்கும் காமிராவுக்கும் நடுவே உள்ள நீர் குறையக் குறைய, கலங்கலும் குறையும். ஆனால் இந்தக் காமிராக்கள் பலவற்றின் லென்ஸ் ஏறக்குறைய ஓர் அடிக்கு அப்பால் உள்ளதையே தெளிவாகக் காட்டும். அதற்குள் நெருங்கினால் படம் மங்கும். கிட்டப் படத்துக்கென்றே விற்கும் சிறு லென்ஸை முன்னே பொருத்தினால், ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் சிப்பியின் ஓடு வரிவரியாகத் தெரியும்.

விளக்கு வேண்டுமானால் நேர் எதிரே பிடிக்கலாகாது. போகிப் புகையில் லாரி விளக்கைப் போட்டால் சாலையா தெரிகிறது, புகைதானே தெரிகிறது? நீரில் மிதக்கும் தூசியும் அப்படியே பளிச்சிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழவேண்டும். இதற்காக யாரும் மூழ்கவும் வேண்டாம்; சாக்கடையும் எண்ணெயும் கலந்த நீரில் மூழ்கச் சொல்வது பாவம். காமிராவை ஒரு கம்பில் கட்டிப் படகிலிருந்து இறக்கினால் போதும்.

கம்பின் நுனியில் ஓர் அளவுகோலைக் கட்டிவிடுவது இன்னும் நல்லது. அது தரையைத் தொடும்போது லென்ஸுக்குரிய தூரம் சரியாக அமையும். சிப்பி எத்தனை பெரிது, எவ்வளவு அடர்த்தி என்பதும் படத்திலேயே பதிவாகும்.

படமும் பொய் சொல்லும்

மோசமான மூலையை மட்டும் காட்டி, முழு ஆறும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். உண்மைதான். ஆகவே ஒழுங்கு வேண்டும். குறித்த சில இடங்களில், மாதந்தோறும் அமாவாசையை ஒட்டிய வற்று நேரத்தில், ஒரே முறையில் படம் எடுக்கவேண்டும். நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் சேர்த்தே எடுக்கவேண்டும். தேதியும் இடமும் பதிவாகவேண்டும். மூலப் பதிவில் யாரும் கத்தரி வைக்கக்கூடாது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. அதை எழுதவும் மீனவர்களுக்குக் கற்றுத்தரவேண்டும். நீரில் கரைந்திருக்கும் நஞ்சைக் காமிரா காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடப் பரிசோதனைதான் வழி. ஆனால் எந்த இடத்து மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்பதைப் படம் சொல்லிவிடும்.

"படம் எடுத்தால் இறால் வந்துவிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வராதுதான். ஆனால் ஆழியை அகற்றும் வேலை நடந்தால், அகற்றியது உண்மையா, மறுபடி முளைத்ததா என்று காட்ட வேறு எளிய வழி என்ன இருக்கிறது? கான்டிராக்டருக்குப் பணம் கொடுக்குமுன் ஆற்றின் அடியைப் பார்ப்பது சர்க்காருக்கும் லாபம்தானே!

மீன்வளத் துறை கழிமுகத்து மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காமிராவும் ஒரு லென்ஸும் தரட்டும். ஒரு வாரம் பயிற்சியும் தரட்டும். கழிமுகம் பற்றிக் கூடும் ஒவ்வொரு கூட்டத்திலும், பேச்சு தொடங்குமுன் அந்த மாதத்துப் படத்தை ஓட்டட்டும். பெரிய பெரிய திட்டங்களுக்காக வடசென்னையில் கொட்டிய பணத்தின் முன் இது கடுகளவு செலவு. ஆற்றின் அடியை அறிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் கையால் கண்டதை மற்றவர்கள் கண்ணால் காணட்டும்.