‘குக்கி’யை ஏற்கிறீர்களா?: கடைக்காரரின் டோக்கன் கண்காணிப்புக் கருவியானது எப்படி?

எந்த இணையதளத்துக்குள் போனாலும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான்: ‘குக்கிகளை ஏற்கிறீர்களா?’ வந்த வேலை முடிந்தால் போதும் என்று, பலரும் படிக்காமலேயே ‘ஏற்கிறேன்’ என்பதைத் தட்டிவிட்டு நகர்கிறார்கள். உண்மையில் அந்தத் தட்டலில் எதற்குச் சம்மதம் சொல்லப்படுகிறது? இந்தக் கேள்வி எப்படி வந்தது? விடை தேட 30 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஞாபக மறதிக்கார வலை

உலகளாவிய வலையை 1989-ல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில், ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள உருவான ஏற்பாடு அது. 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அதைத் திறந்துவிட்டது.

அந்த வலைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அனுப்பும், அவ்வளவுதான். அடுத்த நொடியே அதே ஆள் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், சர்வருக்கு அவர் புது ஆள். கட்டுரை படிக்க இது போதும். கடை நடத்த முடியாது. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால், கூடை காலியாக இருக்கும்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி இதற்குத் தீர்வு கண்டார். ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுவதுதான் சுலபமான வழி. ஆனால், அந்த எண்ணை வைத்து ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று எல்லாத் தளங்களும் பின்தொடர முடியும் என்பதால், அந்த யோசனையை அவர் ஒதுக்கினார். அதற்குப் பதிலாக அவர் உருவாக்கியதுதான் குக்கி.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுக்கும் டோக்கன் போன்றது அது. கொடுத்த கடையில் மட்டும்தான் செல்லும். ஒரு தளம் தரும் குக்கியை, பிரவுசர் அந்தத் தளத்திடம் மட்டுமே திருப்பிக் காட்டும். அதாவது, குக்கி பிறந்தபோது தனியுரிமையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

பின்வாசல் திறந்த கதை

சரி, பிறகு எங்கே தப்பு நடந்தது? ஒரு பக்கத்தில் தெரிவது எல்லாமே அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பரப் படங்கள் வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். அப்படி வரும்போது அந்த விளம்பர நிறுவனமும் தன் டோக்கனைப் பிரவுசரில் வைத்துவிடலாம். இதுதான் ‘மூன்றாம் தரப்பு குக்கி’.

ஒருவர் காலையில் ஒரு மருத்துவத் தளத்தில் சர்க்கரை நோய் பற்றிப் படிக்கிறார். மாலையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வேறொரு தளத்துக்குப் போகிறார். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், அதே டோக்கன் இரண்டு இடத்திலும் காட்டப்படும். ‘காலையில் சர்க்கரை பற்றித் தேடியவர் இவர்தான்’ என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். ஸ்கோர் பக்கத்தில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவியின் விளம்பரம் வருவது இப்படித்தான். பெயர் தெரியாவிட்டாலும் நோய், கடன், வேலை தேடல் என வரலாறு சேர்ந்துகொண்டே போகும்.

இந்த ஆபத்து அப்போதே தெரிந்திருந்தது. மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தாமாகவே அனுமதிக்கக் கூடாது என்று, இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ஆவணம் சொன்னது. அன்றைய பெரிய பிரவுசர்களான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைப் பின்பற்றவில்லை.

விளம்பர நிறுவனமான டபுள்கிளிக், 1999-ல் அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அமெரிக்கக் குடும்பங்கள் அஞ்சல் வழியில் என்ன வாங்குகின்றன என்ற தகவல், பெயர் முகவரியோடு அபாகஸிடம் இருந்தது. இரண்டையும் இணைக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு வெடித்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரணையில் இறங்க, 2000-ல் டபுள்கிளிக் பின்வாங்கியது. பின்னர் அந்த டபுள்கிளிக்கையே கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கி, 2008-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டபுள்கிளிக் குக்கித் தகவலைத் தனிநபர் விவரங்களோடு சேர்க்க மாட்டோம் என்ற வாசகம், 2016-ல் கூகுளின் தனியுரிமைக் கொள்கையிலிருந்து நீக்கப்பட்டது.

சம்மதமா, சலிப்பா?

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் தனது விதியைத் திருத்தி, குக்கி வைக்கப் பயனரின் சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே மாதம் ஜிடிபிஆர் சட்டம் நடைமுறைக்கு வந்து, எது சம்மதம் என்பதைக் கறாராக வரையறுத்தது. அதன் பிறகுதான் இந்தக் கேள்விப் பெட்டிகள் எல்லாப் பக்கமும் முளைத்தன.

ஆனால், ‘ஏற்கிறேன்’ பொத்தான் பளிச்சென்று இருக்கும். மறுக்க வேண்டுமானால் நாலு பக்கம் உள்ளே போக வேண்டும். இந்தத் தந்திரத்துக்காக பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஏற்பது எவ்வளவு சுலபமோ, மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பதே அதன் வாதம்.

குரோம் ஏன் பின்வாங்கியது?

ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் கண்காணிப்புக் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கிகளை முழுவதுமாகத் தடுத்தது. கூகுளும் 2020 ஜனவரியில், குரோமில் இரண்டு ஆண்டுகளில் அவற்றை ஒழிப்போம் என்றது. கெடு 2023, 2024, 2025 என்று தள்ளிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் திட்டமே கைவிடப்பட்டது. மாற்று ஏற்பாடாகச் சொல்லப்பட்ட ‘பிரைவசி சாண்ட்பாக்ஸ்’ திட்டமும் 2025-ல் மூடப்பட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குக்கிகள் போனால் சிறிய விளம்பர நிறுவனங்கள் படுத்துவிடும். சொந்தச் சேவைகளிலேயே ஏராளமான தகவல் வைத்திருக்கும் கூகுள் மேலும் வலுவாகும் என்று பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் கவலை தெரிவித்தது. பிரவுசரையும் விளம்பரச் சந்தையையும் ஒரே நிறுவனம் கையில் வைத்திருப்பதுதான் சிக்கலின் வேர். குக்கியை வைத்தாலும் எடுத்தாலும், முடிவெடுப்பவர் பயனர் அல்ல.

குக்கி ஒழிந்தாலும் கண்காணிப்பு ஒழியாது. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்தாலே ஒரு கருவியை அடையாளம் காண முடியும். இதற்குக் கைரேகை முறை என்று பெயர். குக்கியையாவது அழிக்கலாம், இந்த ரேகையை அழிப்பது கடினம். கணக்கில் லாக்-இன் செய்தபடியே உலவுவோருக்கு ரேகைகூடத் தேவையில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால், சம்மதம் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அவகாசம் தரப்பட்டது.

சட்டத்தில் குக்கி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் சில பிரிவுகள் கவனிக்க வேண்டியவை. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும், சில விலக்குகள் தவிர, கூடாது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

குரோம் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால், மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஒருமுறை மாற்றினால் போதும். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே இயங்கும். கூடையில் போட்ட பொருளும் காணாமல் போகாது, ஏனென்றால் அது கடை தந்த டோக்கன். உடல்நலம், கடன் போன்ற விஷயங்களைத் தேடும்போது கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது நல்லது. கேள்விப் பெட்டியில் ‘மறுக்கிறேன்’ இருந்தால் தயங்காமல் அழுத்தலாம்.

இவை ஓரளவுக்கே காப்பாற்றும். மறுப்பதற்கான வேலையை ஒவ்வொரு முறையும் பயனர் தலையிலேயே கட்டுவதா, கேட்காமல் பின்தொடரக் கூடாது என்று பிரவுசரிலேயே பூட்டுப் போடுவதா? 1997-ல் அந்த ஆவணம் சொன்னது இரண்டாவதை. புதிய இந்தியச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.