சொந்தத்தில் கட்டாதே என்கிறீர்கள். சாதிக்குள் கட்டாதே என்பீர்களா?

கல்பாக்கம் பகுதியில் பிறவிக் குறைபாட்டோடு ஒரு குழந்தை பிறந்தால், எங்கள் ஊர்க்காரர்களின் கண் முதலில் அணுமின் நிலையத்தின் பக்கம்தான் திரும்பும். 1983 முதல் அதன் நிழலில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. சார்பற்ற மருத்துவ ஆய்வு நடத்திப் பதில் சொல்வது அரசின் கடமை. ஆனால் இன்னொரு கேள்வியை இங்கே குப்பமும் கேட்பதில்லை, விஞ்ஞானிகள் குடியிருக்கும் டவுன்ஷிப்பும் கேட்பதில்லை: நாம் யாருக்குள் மணம் முடிக்கிறோம்?

நெருங்கிய உறவில் திருமணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சரியான அறிவுரை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 விழுக்காடு பெண்கள் சொந்தத்தில் மணமானவர்கள். ஆனால் அறிவுரை அத்தை மகன், தாய்மாமனோடு நின்றுவிடுகிறது. சாதி என்ற சொல் வந்ததும் அறிவியல் வாயை மூடிக்கொள்கிறது.

சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிறுவினார். நூறாண்டு கழித்து மரபணுவியல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் வெகுசில மூதாதையரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்து வந்தவை என்று காட்டியது. வேறு ஊர், வேறு கோத்திரம் என்று பார்த்துக் கட்டினாலும் அங்கே இருவரும் தூரத்துச் சொந்தமே. ஒரே பழுதான மரபணுவைத் தாயும் தந்தையும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இது ஏழ்மையின் நோயும் அல்ல. வசதி படைத்த வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தரும் தசைத்தளர்வு மருந்தை உடைக்கும் நொதி குறைவு. மருந்தின் வேகம் தணியாமல் மூச்சே தடைபடலாம்.

“ஜாதகத்தோடு மரபணுச் சோதனையும் பார்த்துவிட்டால் போயிற்று, சாதியை ஏன் இழுக்கிறாய்?” என்று ஆய்வுக்கூடத்திலேயே என்னிடம் கேட்கிறார்கள். நியூயார்க் யூதர்கள் 1983 முதல் அப்படித்தான் செய்கிறார்கள். டே-சாக்ஸ் நோய் வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் சோதனை, தெரிந்த பழுதை மட்டுமே பிடிக்கும். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில், ஒவ்வொன்றின் பழுதையும் தேடிக் கண்டுபிடித்து அகமணத்தைக் காப்பாற்றுவதா அறிவியலின் வேலை?

மரபணுச் சிகிச்சையை நான் எதிர்க்கவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேரின் குருத்தணுக்களில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். அதன்பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். பெரும் சாதனை. ஹீமோபிலியாவுக்கும் சாதிக்கும் தொடர்பில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலேயே அது வரலாம். இத்தகைய சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அரிவாளணு நோய்க்கான ஒரு சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர்! ஆனால் இச்சிகிச்சைகள் ஒருவரின் ரத்த அணுக்களைத்தான் திருத்துகின்றன. விந்தணுவும் கருமுட்டையும் பழையபடியே இருக்கும். சாதியைத் திருத்தும் ஊசி எதுவும் கிடையாது.

சாதி மறுப்புத் திருமணத்துக்கு நோய் ஒரு காரணமாகத் தேவையில்லை. விரும்பியவரை மணப்பது உரிமை. அதற்காக நம் பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள். ஆனால் “எங்கள் ரத்தம் தூய்மையானது” என்று அரிவாள் தூக்குகிறவர்களுக்கு ஆய்வுக்கூடத்தின் பதில் இதுதான்: நீங்கள் தூய்மை என்று காப்பது, பழுதை வெளியேறவிடாமல் பூட்டி வைத்த வீடு. அந்தப் பூட்டை உடைக்கச் சொல்லாத மரபணு ஆலோசனை, பாதி ஆலோசனைதான்.