பச்சையாய் நிற்பதை விட்டுவிடுங்கள்

பட்டர்நட் பலகை விற்கிறவரிடம் நான் முதலில் விலை கேட்பதில்லை. வெட்டும்போது மரம் உயிரோடு இருந்ததா என்று கேட்பேன். நேரான பதில் வராவிட்டால் பலகையைத் தொடமாட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில் மரம் செதுக்கிப் பிழைக்கிறவன் நான். இங்கே உளி பிடிக்கிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

பட்டர்நட், வால்நட் குடும்பத்து மரம். தென் ஒன்டாரியோ, தென் கியூபெக், நியூ பிரன்சுவிக் காடுகளிலும் அமெரிக்காவின் கிழக்குப் பாதியிலும் இயல்பாக வளர்வது. வைரம் வெளிர் பழுப்பு. வெளிறு ஏறக்குறைய வெள்ளை. ரேகை கறுப்பு வால்நட்டைப் போலவே ஓடுவதால், சாயம் ஏற்றி அதற்குப் பதிலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நன்கு காய்ந்த மரம் கனமீட்டருக்குச் சுமார் 435 கிலோதான் இருக்கும். கடினத்தில் தேக்கின் பாதிக்கும் கீழே. சாப்பாட்டு மேசை செய்தால் சீக்கிரமே குழி விழும். மழையில் வைத்தால் மக்கிப்போகும்.

ஆனால் செதுக்கு வேலைக்கு இதை மிஞ்சிய மரத்தை நான் பார்த்ததில்லை. கொட்டாப்புளியை எடுக்கவே வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தினாலே உளி இறங்கும். காய்ந்தபின் அவ்வளவாகச் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. தேவாலயப் பீடங்களுக்கும் சுவர்ப் பலகைகளுக்கும் இதைத் தேடிப்போனது சும்மா இல்லை. உளி மட்டும் மழுங்கியிருக்கக் கூடாது. மழுங்கினால் நார் அறுபடாமல் பஞ்சாக எழும்பும். பிறகு உப்புத்தாளை எவ்வளவு தேய்த்தாலும் அடங்காது. பட்டர்நட் வேலை நடக்கும் நாளில் சாணைக்கல் என் பக்கத்திலேயே இருக்கும்.

இந்த மரத்தின்மேல் ஆசை புதிதுமல்ல. நியூபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங்குகள் தங்கிய இடத்தைத் தோண்டியபோது பட்டர்நட் கொட்டைகளும், இரும்புக் கருவியால் வெட்டிய அதன் மரத்துண்டு ஒன்றும் கிடைத்தன. அந்தத் தீவில் பட்டர்நட் வளர்வதில்லை. தெற்கே வெகுதூரம் போன யாரோ கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

1967இல் விஸ்கான்சினில் ஒரு நோய் கண்ணில் பட்டது. காரணம் ஒரு பூஞ்சை. மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்துகள் பரவும். பட்டைக்கடியில் கரிய புண் உண்டாகி, ஒன்றோடொன்று சேர்ந்து சுற்றிவளைத்ததும் மரம் பட்டுப்போகும். கியூபெக்கில் 1990இலும் ஒன்டாரியோவில் 1991இலும் அது தென்பட்டது. 2005இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் சட்டப் பட்டியலில் கனடா பட்டர்நட்டைச் சேர்த்தது.

நோய் பரவிய செய்தி கேட்டதும் பலர் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. எப்படியும் சாகப்போகிற மரம்தானே, இப்போதே காசாக்கிவிடுவோம் என்று நல்ல மரங்களையும் சாய்த்தார்கள். சுற்றிலும் எல்லாம் பட்டுப்போக, நடுவில் ஒன்று மட்டும் தழைத்து நின்றால் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கலாம். வெட்டிவிட்டால் அது யாருக்கும் தெரியவராது. பட்டர்நட் விதையை நெடுங்காலம் சேமித்துவைக்கவும் முடியாது. நிற்கிற மரம்தான் அதன் விதைக் களஞ்சியம். ஜப்பானிய வால்நட்டோடு கலந்த ஒட்டினங்கள் நோயைக் கூடுதலாகத் தாங்குகின்றனவே என்பார்கள். தாங்கட்டும். அதைச் சாக்காக வைத்து அசல் மரத்தைக் கைவிட எனக்கு மனமில்லை.

மினசோட்டா மாநிலம் 1992இலேயே தன் அரசு நிலங்களில் நலமான பட்டர்நட்டை வெட்டத் தடை போட்டது. அமெரிக்க வனத்துறையின் வழிகாட்டுதலும் தெளிவானது: தலைக்கிளைகளில் 70 சதவீதத்துக்கு மேல் உயிரோடிருந்து, அடிமரத்திலும் வேர்மேட்டிலும் புண்கள் சுற்றளவில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மரத்தை விட்டுவை.

அப்படியானால் எங்களுக்கு மரம் ஏது? பட்டுப்போனவை இருக்கின்றன. பண்ணைகளில் அவற்றை அறுத்து அடுப்பில் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நோய் கொல்வது பட்டையை ஒட்டிய உயிருள்ள பகுதியை. நின்றபடியே பட்ட மரத்தை மக்குவதற்கு முன் அறுத்தால் உள்ளே நல்ல பலகை கிடைக்கும். புழுத்துளைகள் இருக்கும். அந்தத் துளைகளைக் காட்டி வாங்குகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நான் குறைப்பதில்லை, மரம் கொடுத்த பண்ணைக்காரருக்கும் குறைத்துக் கொடுப்பதில்லை. செத்த மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தால், பச்சை மரத்தில் ரம்பத்தை வைக்க அவருக்குத் தேவை இருக்காது.